சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்

என் அண்ணன் மகனுக்கு நான் எழுதிய அந்த மின்னஞ்சலில் பிழை ஏதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நெடுநாள்வரை நான் அதற்கு மாறாகவே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் போதாது, அதனால் செய்தி திரிந்துபோயிற்று, அதனால் ஒரு மகன் தன் தந்தையை உயிரோடு பார்க்க முடியாமல் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நம்பிக்கையோடுதான் ஐம்பத்திரண்டாம் வயதில், பணியில் இருப்போருக்கென்று இணையவழி நடத்தப்பட்ட ஆங்கில எழுத்துப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன்.

தியாகராய நகரில் பள்ளிப் பாடங்களுக்கான துணைநூல்களை வெளியிடும் நிறுவனம் ஒன்றில் தமிழ் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்தாறு ஆண்டுகளாக அதே அறை, அதே மேசை. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படிப்பேன். முதல்முறை எழுத்துக்காக, இரண்டாம் முறை பொருளுக்காக. பிறகு பக்கத்தின் அடியில் பென்சிலால் 'சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவேன். அந்தச் 'சரி' இல்லாத பக்கத்தை அச்சகத்தார் எந்திரத்தில் ஏற்ற மாட்டார்கள். என் வாழ்வில் எனக்கு இருந்த ஒரே செருக்கு அதுதான்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலம் அவருக்கு வீட்டுமொழிபோல் வரும். அவருடைய மணவாழ்வு நிலைக்கவில்லை. ஐந்து வயது மகனை அழைத்துக்கொண்டு அண்ணியார் கனடாவில் இருந்த தம் தமக்கையிடம் போய்விட்டார். அண்ணன் அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் தனியே குடியிருந்தார். ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று மகனிடம் தொலைபேசியில் பேசுவார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். நானும் என் மனைவியும் சற்றுத் தள்ளி நிற்போம். முடிக்கும்போது கைப்பேசியை என் காதருகே நீட்டுவார். "சித்தப்பா, சாப்ட்டீங்களா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அவன் அறிந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான். "சாப்ட்டேன்ப்பா" என்பேன். நாங்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டது அதற்கு மேல் இல்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் மழைக்காலம் முடியும் தறுவாயில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை என்று அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அது வெறும் காமாலை அன்று, கணையத்தில் முற்றிப்போன புற்று என்று நான்கு நாளில் தெரிந்தது. திங்கட்கிழமை பிற்பகல் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். இளைஞர், என் கண்ணைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தபடி பேசினார்.

"ஒரு வாரம் சார். மிஞ்சிப் போனா பத்து நாள். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியவன் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியையோ சாவை ஒட்டிய செய்தியையோ யாரும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. தொலைவில் இருப்பவருக்கு 'உடம்பு கொஞ்சம் சரியில்லை, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ' என்றுதான் சொல்லி அனுப்புவோம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது கேட்பவருக்குத் தெரியும். நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது எங்கள் தந்தை இறந்தார். விடுதிக் காப்பாளர் என் அறைக்கு வந்து, "அப்பாவுக்கு உடம்பு முடியலையாம்ப்பா. பையெல்லாம் கட்ட வேண்டாம், இருக்கிறபடியே கிளம்பு" என்றார். பையெல்லாம் வேண்டாம் என்றதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆயினும் பேருந்தில் விழுப்புரம் தாண்டும்வரை 'முடியலை' என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் அந்தப் பயணத்தை நான் கடந்திருக்க முடியாது. காப்பாளரிடம் அப்படிச் சொல்லும்படி தொலைபேசியில் கேட்டுக்கொண்டவர் என் அண்ணன். அவர் எனக்குச் செய்ததை அவருடைய மகனுக்கு நான் செய்வதாகவே எண்ணினேன்.

மனைவி எங்கள் கோயிலின் பங்குப் பள்ளியில் ஆசிரியை. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "தனியா இருக்கிற புள்ளைங்க. படிச்சிட்டு ஒக்காந்து தனியா அழும். மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.

முதலில் தமிழில் எழுதினேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே மழை விட்டுவிட்டது. உன் சித்தியின் பள்ளியில் தேர்வுகள் நடக்கின்றன. உன் தந்தைக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. அடையாறில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நல்ல மருத்துவர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். கவலைப்பட வேண்டாம். உனக்கு விடுப்புக் கிடைக்குமானால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனால் அவர் மகிழ்வார். எல்லாம் ஆண்டவர் சித்தம்.

இதைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டேன். வந்த ஆங்கிலத்தைச் சொல் சொல்லாக அகராதியில் ஒத்துப் பார்த்தேன். தொழிற்பழக்கம், இரண்டு முறை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பினேன்.

மறுநாள் காலையே பதில் வந்துவிட்டது. 'சித்தப்பா' என்று ஆங்கில எழுத்தில் தொடங்கியிருந்தான். தெரிவித்ததற்கு நன்றி. அடுத்த வாரம் ஓர் அலுவலகப் பயணம் இருக்கிறது; அதை முடித்துவிட்டு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்து சேரும்படி பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அப்பாவை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கசந்தது. ஆண்டவர் சித்தம் என்று எழுதிய பிறகும் ஒருவன் அலுவலகப் பயணம் போவானா? இங்கே வளர்ந்த எந்தப் பிள்ளையும் அந்த வரியைப் படித்த கையோடு விமான நிலையத்தில் நின்றிருப்பான்.

"கல்லு மனசு" என்றேன் மனைவியிடம்.

"அப்படிச் சொல்லாதீங்க. அவனுக்கு வெளங்கலையோ என்னமோ. இன்னொரு தடவ எழுதிப் பாருங்க."

"எழுத வேண்டியத எழுதியாச்சு. வர மனசு இருந்தா வருவான்."

அவள் மேலும் இரண்டு முறை சொன்னாள். நான் எழுதவில்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய அந்த நான்கு நாளும் நான் அவன்மேல் சினத்தோடு இருந்தேன் என்பதைத்தான் இந்தக் குறிப்பிலேயே எனக்கு எழுதக் கடினமான வரி என்று எண்ணியிருந்தேன். அதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் அண்ணன் இறந்தார். கனடாவுக்குத் தொலைபேசியில் பேசியவள் என் மனைவி. உடலைப் பிணவறையில் வைத்துக் காத்திருந்தோம். திங்கள் மாலை அவன் வந்தான். செவ்வாயன்று பூசை முடிந்து அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகே உள்ள எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முப்பது வயது மகன், ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போடாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

புதனன்று காலை அபிராமபுரத்து மாடியில் அண்ணனின் துணிமணிகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் மகன் தன் அலுவலகத்தில் விடுப்புக்காகக் கொடுக்க மருத்துவமனைத் தாள்கள் வேண்டும் என்று கேட்டான்; கொடுத்தேன். சன்னலோரம் நின்று படித்தவன் ஒரு தாளில் நின்றுவிட்டான். பிறகு தன் கைப்பேசியில் எதையோ தேடி எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். நோயாளியின் நிலை திங்கட்கிழமை பிற்பகல் அவருடைய தம்பிக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்று அந்தத் தாளில் இருந்தது.

எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டான். எனக்கு நீங்கள் எழுதியது இதற்குப் பிறகு. அப்போது உங்களுக்குத் தெரியுமா?

தலையசைத்தேன்.

பிறகு ஏன்?

தமிழில் என்றால் அதற்கு ஒரு மணி நேரம் விடை சொல்லியிருப்பேன். திருச்சி விடுதியையும் விழுப்புரத்தையும் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் என்னிடம் 'சாரி' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவன் தாள்களை உறையில் இட்டு மூடினான். அறையில் இருந்த எதுவும் தனக்கு வேண்டாம் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு அன்று மாலையே புறப்பட்டுப் போனான்.

அதன்பின் கிறிஸ்து பிறப்புக்கு வாழ்த்து அனுப்பினேன். பதில் இல்லை. அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு நாள் குறித்து எழுதினேன். பதில் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் குடும்பத்தில் எனக்குப் பின்னால் எஞ்சியிருப்பவன் அவன் ஒருவன். ஞாயிறு காலையில் வேப்பமரத்தைக் கடக்கும்போது நாங்கள் இருவரும் நடையைச் சற்று விரைவாக்கிக்கொள்வோம்.

அப்போதுதான் ஆங்கிலம் கற்பதென்று முடிவு செய்தேன். அவனுக்கு விளங்கும்படி ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கு அவன் பதில் எழுத வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

அலுவலகத்தில் சனிக்கிழமை அரைநாள். பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. மெய்ப்பு அறையின் கணினியைப் பயன்படுத்திக்கொள்ள மேலாளரிடம் இசைவு கேட்டேன். தென்காசிப் பக்கத்துக்காரர், நகைச்சுவை இல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார்.

"என்னங்கய்யா, இங்கிலீஷா? தமிழ்ல எங்க உயிர வாங்குனது பத்தாதா? இனி அந்தப் பக்கமும் தப்புப் பண்ண முடியாதா?"

"பதவி உயர்வுக்கு உதவும் என்று பார்க்கிறேன்" என்றேன்.

"உங்களுக்கு மேல பதவின்னா அது என் நாற்காலிதான். ஒக்காருங்க, நானும் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம்."

திரையில் பன்னிரண்டு சதுரங்கள், பன்னிரண்டு முகங்கள். வங்கியில் இருப்பவர், கட்டுமானப் பொறியாளர், நகைக்கடையில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்ப்பவர் என்று எல்லாரும் வேலைக்காக வந்தவர்கள். ஆசிரியைக்கு முப்பது வயதிருக்கும். தன் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்திலிருந்து பாடம் எடுப்பார். குக்கர் விசில் அடித்தால் "ஒரு நிமிஷம், மூணு ஆயிடுச்சு" என்று எழுந்து போவார். அவர் முதல் நாளிலேயே சொன்ன விதி ஒன்று. படிப்பவருக்கு இன்றியமையாத செய்தி எதுவோ அது முதல் வாக்கியத்தில் இருக்க வேண்டும். நலம் கேட்பது, வானிலை, முகவுரை எல்லாம் அதற்குப் பின்னால், இடமிருந்தால்.

எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. வாசலில் நிற்பவரை உள்ளே அழைத்து நாற்காலி போடாமலேயே வந்த காரியம் என்னவென்று கேட்பதைப் போல இருந்தது. ஆயினும் ஏட்டில் குறித்துக்கொண்டேன். மெய்ப்புப் பார்ப்பவனுக்கு விதிகள்மேல் மதிப்புண்டு.

வகுப்பில் இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தச் செய்வார்கள். எனக்கு இணையாக வந்தவள் ஆதம்பாக்கத்தில் வசிக்கும் ஒரு செவிலி. பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை; அயர்லாந்துக்குப் போவதற்காக ஆங்கிலம் எழுதக் கற்கிறாள். இருபத்தெட்டு வயது, வாய் ஓயாது.

"சார், நீங்க இன்னா பண்றீங்க?"

"மெய்ப்புத் திருத்துகிறேன்."

"அப்டின்னா?"

"புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை."

"அய்யோ, என் நோட்ட எடுத்தீங்கன்னா நாலு நாளு சோறு தண்ணி இல்லாம ஒக்காரணும் சார் நீங்க."

உண்மையில் அவள் எழுத்தில் சொற்பிழை மிகுதி. ஆனால் அவள் எழுதியதைப் படித்தால் என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். என் எழுத்தில் பிழை ஒன்றும் இராது. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "எல்லாம் அழகா கீது சார். மேட்டர் எங்க கீது?" என்பாள்.

ஆறாவது வாரம் கெட்ட செய்தியைத் தெரிவிக்கும் கடிதம் எழுதச் சொன்னார்கள். நான் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதுவதாக அமைத்துக்கொண்டேன்: அவர் கேட்ட நூல்கள் கிடங்கில் வெள்ளம் புகுந்து அழிந்துவிட்டன; கல்வியாண்டுத் தொடக்கத்திற்குள் அனுப்ப இயலாது. ஒன்பது வாக்கியங்கள். எனக்கு நிறைவாக இருந்தது. அவளுக்கு அனுப்பினேன். சிறிது நேரம் கழித்துத் திரையில் அவள் சதுரம் பெரிதாயிற்று.

"சார், தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லுங்கம்மா."

"நானும் அஞ்சாவது லைன் வரைக்கும் நல்ல சேதின்னுதான் நெனைச்சேன். எட்டாவதுல 'கொஞ்சம் தாமதம்'னு போட்டுருக்கீங்க. புக்கே இல்லாம போச்சு, அதுக்குப் பேரு தாமதமா?"

"அவர் மனம் நோகக் கூடாது என்றுதான்..."

"சார், நாங்க ஐசியூ வாசல்ல நின்னுக்கினு இப்டி சொன்னோம்னு வெச்சிக்கோங்க, சொந்தக்காரங்க காபி குடிக்கக் கேன்டீனுக்குப் போயிடுவாங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள உள்ள ஆளு போயிடுவாரு."

பக்கத்துச் சதுரங்களில் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் காமிராவை அணைத்தேன்.

பாண்டி பசாரின் பிற்பகல் இரைச்சல் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அண்ணன் மகனுக்கு எழுதிய பழைய மடலைத் தேடி எடுத்துத் திரையில் விரித்தேன். செவிலி படிப்பதைப் போலப் படித்தேன். செய்தி முதல் வாக்கியத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. நான்காவதில் இருக்கிறது என்று நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அங்கும் இல்லை. ஒன்பது வாக்கியங்களில் எதிலும் இல்லை. அடுத்து 'கவலைப்பட வேண்டாம்' என்று வேறு எழுதியிருந்தேன். ஆங்கிலம் மிகச் சரியாகத்தான் இருந்தது. செயலி எதையும் தவறவிடவில்லை. நான் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அவனும் நான் எழுதியதை எழுதியபடியே நம்பி, கவலைப்படாமல் தன் வேலையைப் பார்க்கப் போனான். கேன்டீனுக்கு அனுப்பியவன் நான்.

அண்ணன் எனக்கு அப்படிச் சொல்லச் சொன்னபோது எங்கள் தந்தை ஏற்கெனவே இறந்திருந்தார். நான் ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தாலும் பின்னால் போய்ச் சேர்ந்தாலும் மாறப்போவது ஒன்றுமில்லை. இங்கே ஐந்து நாள் உயிர் இருந்தது. இந்த வேறுபாடு எனக்குப் புலப்பட ஒன்றரை ஆண்டும் ஒரு செவிலியும் தேவைப்பட்டிருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்தபின் வீட்டுக்குப் பேருந்தில் போகாமல் நடந்தே போனேன். ஆழ்வார்ப்பேட்டையைத் தாண்டி லஸ் முனைக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மனைவி மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாததுனால நடந்தது இல்ல அது" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "எனக்குத் தெரியும்" என்றாள். கையிலிருந்த நோட்டை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, "மெதுவாச் சொல்லுங்கன்னு சொன்னவ நான்தானே" என்றாள்.

"ரெண்டாவது தடவ எழுதச் சொன்னவளும் நீதான்."

அவள் அடுத்த நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

கடிதத்தை எழுத நான்கு வாரம் ஆயிற்று. செயலியைத் தொடவில்லை. முதலில் இருபத்திரண்டு வாக்கியங்கள். அவற்றில் பதினேழு திருச்சியைப் பற்றியும் எங்கள் வழக்கத்தைப் பற்றியும் என் நல்லெண்ணத்தைப் பற்றியும் இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் சிலவற்றை நீக்கினேன். வேறொருவர் எழுதிய பக்கத்தில் தேவையற்றதை அடிப்பது எனக்குக் கைவந்த வேலை. என் நியாயங்களை நானே அடிப்பது அப்படி இல்லை. முடிவில் நான்கு வாக்கியங்கள் எஞ்சின.

உன் தந்தை இறந்துகொண்டிருக்கிறார் என்பது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். அதை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ அவரைப் பார்க்க முடியாமல் போனதற்கு நானே காரணம், நீ அல்ல. என்னை மன்னிக்க வேண்டுகிறேன்.

இறுதிப் பயிற்சிக்கு எந்தக் கடிதத்தையும் கொடுக்கலாம் என்றார்கள். இதைச் செவிலிக்கு அனுப்பினேன். காமிராவை அவள் அணைத்திருந்தாள். எழுத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. "சார், இதுல திருத்த ஒண்ணும் இல்ல. அனுப்பிடுங்க சார்."

அனுப்பினேன்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள், ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கைப்பேசி ஒலித்தது. மின்னஞ்சல். விளி இல்லை, ஒப்பம் இல்லை. ஒரே ஒரு கேள்வி.

அவர் என்னைக் கேட்டாரா?

நான் ஒத்திப்போட்ட வரிக்கு இப்போது வந்துவிட்டேன்.

செவ்வாய் காலை அவனுடைய பதிலைப் படித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனபோது அண்ணன் விழித்திருந்தார். "அவனுக்கு எழுதினியா?" என்றார். எழுதினேன் என்றேன். "என்ன சொல்றான்?" அவன் இரண்டு வாரம் கழித்து வருகிறான் என்று எப்படிச் சொல்வது? தன் மகன் கல்மனத்தவன் என்று அவர் அறிந்துகொண்டு சாக வேண்டாம் என்று நினைத்தேன். "கெளம்பிட்டான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அன்று இரண்டு முறை, "இப்ப எங்க வந்திருப்பான்?" என்று கேட்டார். புதன்கிழமை, "விமானம் மாறணும்ல, அங்க லேட்டாகும்" என்று தாமே எனக்கு ஆறுதல் சொன்னார். வியாழக்கிழமை காலை தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்படியேவா இருக்கிறது? புள்ள வந்து பாத்தா பயந்துடுவான். ஷேவ் பண்ணி விடுறா" என்றார். சவரம் செய்துவிட்டேன். மாலையில் மின்தூக்கிக் கதவு திறக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் அறைவாசலைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அவர் கண் திறக்கவில்லை.

மகன் அனுப்பிய ஒற்றைக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய வழியில் எழுதுவதற்கு வாக்கியங்கள் வரிசையாகக் காத்திருந்தன. அவர் பெரும்பாலும் உறக்கத்தில் இருந்தார். வலியின்றி அமைதியாகப் போனார். உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். இவற்றில் எதை எழுதினாலும் அவன் நம்புவான். நான் எழுதியதை எழுதியபடியே நம்புகிறவன் அவன் என்பது எனக்குத் தெரியும்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அவன்தானே?"

"ஆமா. அவரு தன்னைக் கேட்டாரான்னு கேக்குறான்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். இம்முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லவில்லை.

ஆம், என்று எழுதினேன். முதல் வாக்கியம் அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு நாளும் கேட்டார். நீ புறப்பட்டுவிட்டாய் என்று நான் அவரிடம் பொய் சொன்னேன். அவர் அதை நம்பினார். வியாழக்கிழமை நீ வருவாய் என்று சவரம் செய்துகொண்டார்.

ஐந்து வாக்கியங்கள். இரண்டு முறை படித்தேன். அனுப்பினேன். இதைப் படித்தபின் அவன் இனி ஒருபோதும் எழுத மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் அதுவும் அவனுடைய உரிமை.

சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு மீண்டும் ஒலித்தது. அங்கே அப்போது விடியலுக்கு முந்தைய நேரமாக இருக்க வேண்டும். நான் கண்ணாடியைத் தேடி அணிவதற்குள் மனைவி மேசைக்கு வந்துவிட்டாள்.

"என்ன கேக்குறான்?"

"யாரு ஷேவ் பண்ணி விட்டதுன்னு."

"சித்தப்பான்னு போட்டிருக்கானா?"

மேலும் கீழும் பார்த்தேன். "இல்ல."

அவள் நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

நான், என்று எழுதினேன்.